புளோயர் வைத்த ஹாட் ராட் ஐடிலில் ஏன் குலுங்குகிறது, ஏன் அலறுகிறது

பானெட்டைத் துளைத்துக்கொண்டு மேலே நிற்கும் அலுமினியப் புளோயர் (இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி), அதன்மேல் இரண்டு கார்புரேட்டர், முன்னால் 3 அங்குல அகலப் பல் பெல்ட். இப்படி ஒரு ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த கார், சிக்னலில் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலையில்) நிற்கும்போது கார் முழுக்க ஆடும். சத்தம் விட்டுவிட்டுத் தடக், தடக் என்று வரும். ஒவ்வொரு நொடியும் இன்ஜின் அணைந்துவிடும் போலத் தோன்றும், ஆனால் அணையாது. பார்க்கிறவர்கள் உடனே புளோயரைத்தான் கைகாட்டுவார்கள், “அவ்வளவு காற்றைத் திணித்தால் அப்படித்தான் குலுங்கும்” என்பார்கள். அது சரியல்ல. குலுக்கலின் முதல் காரணம் கேம்ஷாஃப்ட், சுருக்கமாகக் கேம்: வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. அடுத்தது, ஐடிலில் பெட்ரோலும் காற்றும் அளக்கப்படும் விதம். மூன்றாவது இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரம். இந்த மூன்றும் ஏற்கெனவே கிளப்பிய ஆட்டத்தைப் புளோயர் சில இடங்களில் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

புளோயர் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. இந்தியானா மாநிலத்து கானர்ஸ்வில் ஊரின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்றுத் தள்ளும் கருவி இது. கார் என்ற ஒன்றே அப்போது இல்லை. பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் 1938இல் 71 வரிசை டூ-ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின்களைக் கொண்டுவந்தது. டூ-ஸ்ட்ரோக் டீசல் தானாக மூச்சு இழுக்காது. சிலிண்டரில் இருக்கும் புகையை வெளியே தள்ளிப் புதுக்காற்றை நிரப்ப ஒரு புளோயர் கட்டாயம் வேண்டும். சிலிண்டர் ஒன்றுக்கு 71 கன அங்குலம், ஆறு சிலிண்டர் என்றால் 6-71. அந்த இன்ஜினில் இருந்த புளோயருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. லாரி, பஸ், படகு, போர்க்காலத் தரையிறங்கு கலம் என்று எல்லாவற்றிலும் அது ஓடியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்தப் புளோயர்கள் தெற்குக் கலிபோர்னியாவின் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் போட்டி நடத்திக்கொண்டிருந்த இளைஞர்கள் அவற்றை எடுத்து ஃபோர்டு பிளாட்ஹெட் வி-8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் மேல் பூட்டினார்கள். 3-71 புளோயரை அப்படிப் பூட்டி ஓட்டிய முன்னோடிகளில் பார்னி நவாரோவின் பெயர் முதலில் வரும். கவனிக்க வேண்டியது இதுதான்: பஸ்ஸிலும் லாரியிலும் இருந்தவரை அந்தப் புளோயர் யாரையும் குலுக்கியதில்லை. இன்றைக்குத் தொழிற்சாலையிலிருந்தே சூப்பர்சார்ஜரோடு (புளோயரும் அதில் ஒரு வகை) வரும் கார்களும் ஐடிலில் அமைதியாகவே நிற்கின்றன.

முதலில் எல்லா அமெரிக்க வி-8க்கும் பொதுவான ஒரு விஷயத்தைப் பார்த்துவிடலாம். 350 கன அங்குலச் செவ்ரோலேயின் ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒவ்வொரு 90 டிகிரி திரும்பும்போதும் ஒரு சிலிண்டர் எரிகிறது. மொத்தமாகப் பார்த்தால் சீரான தாளம். ஆனால் ஒற்றைப்படை எண் சிலிண்டர்கள் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். இடப்பக்க எக்ஸாஸ்ட் பைப்பில் மட்டும் காது வைத்தால் 1, 3, 5, 7 என்ற நான்கும் 270, 180, 90, 180 டிகிரி இடைவெளியில் வருகின்றன. 900 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 900 சுற்றில்) இதைக் கணக்குப் போட்டால் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓரிடத்தில் 16.7 மில்லிசெகண்ட், இன்னோரிடத்தில் 50 மில்லிசெகண்ட். வி-8இன் அந்தக் குடுகுடு ஒலி இதிலிருந்துதான் வருகிறது. இது கோளாறு அல்ல. இன்ஜின் நூறு சதவீதம் சரியாக இருந்தாலும் இருக்கும். இரு பக்க பைப்புகளையும் நடுவில் ஒரு குறுக்குக் குழாயால் இணைத்தால் இந்த ஏற்ற இறக்கம் மட்டுப்படும். ஹாட் ராட்காரர்கள் பெரும்பாலும் இணைப்பதில்லை.

ஆனால் இது காதுக்குக் கேட்கும் சீரின்மை மட்டுமே. காரையே ஆட்டுகிற சீரின்மை சிலிண்டருக்குள் நடக்கிறது. அதன் பெயர் ஓவர்லாப்.

எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து இன்டேக் ஸ்ட்ரோக் தொடங்கும் இடத்தில் இரண்டு வால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதைக் கேம் அட்டையில் உள்ள எண்களிலிருந்து நீங்களே கணக்கிடலாம். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டின் டியூரேஷனையும் (வால்வு திறந்திருக்கும் கிராங்க் டிகிரி) கூட்டிப் பாதியாக்குங்கள். அதிலிருந்து லோப் செபரேஷன் கோணத்தின் (கேமில் உள்ள இன்டேக், எக்ஸாஸ்ட் மேடுகளின் உச்சிகளுக்கு நடுவே உள்ள கோணம்) இரு மடங்கைக் கழியுங்கள். 260 டிகிரி டியூரேஷன், 112 டிகிரி செபரேஷன் கொண்ட சாதுவான கேமில் ஓவர்லாப் 36 டிகிரி. 300 டிகிரி, 106 டிகிரி கொண்ட ரேஸ் கேமில் அது 88 டிகிரி. ஒப்பிடும்போது இரண்டு கேமையும் ஒரே முறையில் அளந்த எண்ணாகப் பார்க்க வேண்டும். கம்பெனி விளம்பரத்தில் வரும் டியூரேஷன் வேறு, வால்வைத் தள்ளும் லிஃப்டர் 0.050 அங்குலம் ஏறிய இடத்தில் அளப்பது வேறு. இரண்டையும் கலந்தால் கணக்கு பொய்யாகும்.

6,000 ஆர்பிஎம்மில் 80 டிகிரி என்பது 2.2 மில்லிசெகண்டில் கடந்துபோகும். அந்த வேகத்தில் வெளியேறும் புகையின் உந்துவிசை புதுக்கலவையைப் பின்னாலேயே இழுத்துவரும். ரேஸ் கேம் அதற்காகத்தான். அதே 80 டிகிரி 800 ஆர்பிஎம்மில் 16.7 மில்லிசெகண்ட் நீள்கிறது. இப்போது புகைக்கு வேகமும் இல்லை, உந்துவிசையும் இல்லை. காற்று நுழையும் வாயை மூடும் தட்டான திராட்டில் மூடியிருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் வேக்கம் (வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம்) இருக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கம் ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம். இரண்டு கதவும் திறந்திருக்க, அழுத்தம் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குப் புகை பின்னோக்கிப் பாய்கிறது. எரிந்து முடிந்த புகை சிலிண்டருக்குள்ளும் இன்டேக் ரன்னருக்குள்ளும் ஏறுகிறது. அடுத்த இன்டேக் ஸ்ட்ரோக்கில் முதலில் உள்ளே வருவது அந்தப் புகைதான், பெட்ரோல் கலவை அதற்குப் பிறகுதான். சாதாரண கேமில் ஐடிலில் 17 முதல் 21 அங்குல பாதரச வேக்கம் காட்டும் மீட்டர், பெரிய கேமில் 8 முதல் 12 வரைதான் காட்டுவது இதனால்தான்.

புகை கலந்த கலவை மெதுவாகப் பற்றும், சில சுற்றில் பற்றவே பற்றாது. சிலிண்டர் ஒரு சுற்று மிஸ் அடித்தால் அதில் இருந்த பெட்ரோலும் காற்றும் எரியாமலே தங்குகின்றன. அடுத்த சுற்றுக்கு மிச்சமாக நிற்பது செத்த புகை அல்ல, எரியக்கூடிய கலவை. எனவே அந்தச் சுற்று வழக்கத்தைவிடப் பலமாக அடிக்கும். பலமாக எரிந்ததால் அடுத்ததற்கு மறுபடி புகைதான் மிச்சம், மறுபடி பலவீனம். எட்டு சிலிண்டரும் தனித்தனியே இப்படி மாறிமாறி ஆடுகின்றன. பலவீனமான சுற்றுகள் சில ஒன்றாக வந்து விழும்போது ஆர்பிஎம் தொப்பென்று இறங்கும், பலமானவை சேரும்போது எகிறும். காரை ஆட்டுவது இதுதான்.

அணைந்துவிடும் போலத் தோன்றியும் அணையாமல் இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஏறத்தாழ மூடிய திராட்டில் வழியே நுழையும் காற்றின் அளவு இன்ஜின் வேகத்தோடு அதிகம் மாறாது. வேகம் குறைந்தால் அதே காற்று குறைவான ஸ்ட்ரோக்குகளுக்குப் பங்கிடப்படுகிறது. ஒவ்வொரு சிலிண்டரும் கூடுதலாகப் பெறுகிறது. வேக்கம் குறைகிறது, வேக்கம் குறைந்தால் பின்னோக்கி வரும் புகையும் குறைகிறது, எரிதல் பலப்படுகிறது, ஆர்பிஎம் ஏறுகிறது. ஏறியதும் வேக்கம் கூடி மறுபடி புகை உள்ளே வருகிறது. விழுவதும் எழுவதும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

கம்ப்ரஷன் குறைவாக இருப்பதும் இதோடு சேர்கிறது. பங்க் பெட்ரோலில் ஓடும் புளோயர் இன்ஜினுக்கு 7.5 முதல் 8.5 வரைதான் ஸ்டாட்டிக் கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையைச் சுருக்கும் விகிதம்) வைப்பார்கள். 8:1 இன்ஜினில் 7 பிஎஸ்ஐ பூஸ்ட் (புளோயர் ஏற்றும் கூடுதல் அழுத்தம்) ஏறினால் கணக்குப்படி 11.8:1க்குச் சமம், அதற்குமேல் போனால் நாக்கிங் (கலவை நேரம் தவறி வெடிப்பது) அடித்து பிஸ்டன் போய்விடும். ஆனால் ஐடிலில் பூஸ்ட் கிடையாது. அங்கே அது வெறும் 8:1 இன்ஜின். பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகும் மேலே மிஞ்சும் இடம் பெரிது, அங்கே தங்கும் பழைய புகையும் அதிகம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சரியாகத் தேர்ந்த புளோயர் கேம் உண்மையில் இப்படி ஆடக்கூடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். பூஸ்டில் இன்டேக் பக்க அழுத்தம் எக்ஸாஸ்டைவிட அதிகம். ஓவர்லாப் நீளமாக இருந்தால் புதுக்கலவை நேராக எக்ஸாஸ்ட் வழியே ஓடிவிடும். பெல்ட்டைச் சுழற்றச் செலவிட்ட குதிரைசக்தி பைப்பில் கரையும். அதனால் புளோயர் கேம்களை 112 முதல் 116 டிகிரி செபரேஷனில் அரைப்பார்கள். கூடுதலாக வரும் புகையை வெளியேற்ற எக்ஸாஸ்ட் டியூரேஷனை மட்டும் 8 முதல் 12 டிகிரி நீட்டுவார்கள். 0.050 அங்குலத்தில் 230/240, செபரேஷன் 114 என்றால் ஓவர்லாப் வெறும் 7 டிகிரி. அந்த இன்ஜின் லேசாக உருளும், ஆனால் காரைப் பிடித்து ஆட்டாது. தெருவில் கேட்கும் பயங்கரமான குலுக்கலில் ஒரு பெரிய பங்கு, ஒலிக்காகவே 106, 108 டிகிரி கேம் போட்டவர்களுடையது. என் தீர்ப்பு இதில் தெளிவு: ஒலி பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதைச் சக்தியின் அடையாளமாக நம்பக்கூடாது. இப்போது எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் கார்களில் ஐடிலின்போது மட்டும் டைமிங்கை வேண்டுமென்றே முன்னும் பின்னும் ஆட்டி, சாதாரண கேமையே ரேஸ் கேம் போலக் கேட்கவைக்கிறார்கள். ஒரு குதிரைசக்தி கூடக் கூடாமலே அந்தத் தாளம் வந்துவிடுகிறது.

இனி புளோயரின் பங்கு. 6-71 ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 411 கன அங்குலம், அதாவது 6.7 லிட்டர் காற்றை நகர்த்தக்கூடியது. 350 செவ்ரோலே ஒரு சுற்றுக்கு இழுப்பது 2.87 லிட்டர். பெல்ட் 1:1 என்றாலே இரண்டு மடங்குக்கு மேல். திராட்டில் திறந்தால் இதுதான் பூஸ்ட். ஆனால் இந்த அமைப்பில் கார்புரேட்டர் புளோயருக்கு மேலே இருக்கிறது. திராட்டில் மூடியிருக்கும்போது புளோயர் இழுக்கக் காற்றே இல்லை. கார்புரேட்டருக்கும் ரோட்டருக்கும் (புளோயருக்குள் சுழன்று காற்றைத் தள்ளும் பாகம்) நடுவே ஆழ்ந்த வேக்கம் உண்டாகிறது, ரோட்டர் முனைகளின் இடுக்கு வழியாகக் காற்று பின்னோக்கிக் கசிகிறது. வேகம் குறையக் குறைய இந்தக் கசிவின் விகிதம் கூடும்.

முக்கியமான விளைவு வேறு. திராட்டில் தட்டுக்கும் இன்டேக் வால்வுக்கும் நடுவே இப்போது புளோயர் கூடு, ரோட்டர்கள், அடி மேனிஃபோல்டு என்று பல லிட்டர் கொள்ளும் காலி இடம். பெட்ரோல் துளிகள் ரோட்டர் மேல் படிந்து, மேனிஃபோல்டு தரையில் ஈரமாகத் தேங்கி, பிறகுதான் சிலிண்டருக்குப் போகின்றன. கார்புரேட்டர் இப்போது கொடுக்கும் கலவை சற்று நேரம் கழித்துத்தான் எரியும். இந்தத் தாமதம் இருந்தால், தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் எந்த அமைப்பும் ஊசலாடத் தொடங்கும். ஆர்பிஎம் 700க்கு இறங்கி, 1,200க்கு ஏறி, மறுபடி இறங்கும் மெதுவான அலை இதுதான். கேமின் தடக் தடக் வேகமான துடிப்பு, இது அதன் மேல் ஏறி வரும் பெரிய அலை. இரண்டையும் காதில் பிரித்துக் கேட்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. முதலாவதை ட்யூனிங்கால் குறைக்கத்தான் முடியும். இரண்டாவதைத் தீர்க்கவே முடியும்.

இரண்டு ஹோலி கார்புரேட்டர் வைத்த அமைப்பில் தொடங்க வேண்டிய இடம் டிரான்ஸ்ஃபர் ஸ்லாட், அதாவது திராட்டில் தட்டருகே பெட்ரோல் வரும் சிறு பிளவு. கார்புரேட்டரைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஐடில் நிலையில் திராட்டில் தட்டுக்குக் கீழே அந்தப் பிளவு 0.020 முதல் 0.040 அங்குலம் வரை, ஏறத்தாழ ஒரு சிறு சதுரம் போலத் தெரிய வேண்டும். பெரிய கேமும் புளோயர் இழுப்பும் சேர்ந்து கூடுதல் காற்று கேட்பதால், பலர் ஐடில் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே போவார்கள். பிளவு முழுக்க வெளியே வந்துவிடும். அதன் பிறகு ஐடில் கலவையைத் திருத்தும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் இன்ஜின் கேட்காது, கலவை எப்போதும் ரிச்சாகவே (பெட்ரோல் மிகுந்தே) இருக்கும், ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் இருமும். தீர்வு எளிது: திராட்டில் தட்டில் 3/32 அங்குல ஓட்டை போட்டு, காற்றை அந்த வழியாகக் கொடுத்து, தட்டைப் பழைய நிலைக்கு மூடிக்கொள்வது. முதலில் சிறிய ஓட்டை. போதாவிட்டால் 1/8 வரை பெரிதாக்கலாம். பெரிதாகிவிட்ட ஓட்டையைச் சிறிதாக்க முடியாது.

பிறகு மிக்ஸ்சர் ஸ்க்ரூக்கள். நான்கு மூலையிலும் ஸ்க்ரூ உள்ள கார்புரேட்டர் இரண்டு என்றால் மொத்தம் எட்டு. எல்லாவற்றையும் மெதுவாக உட்காரும்வரை மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்குங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு எட்டையும் ஒரே அளவாக, எட்டில் ஒரு சுற்றாகத் திருகி, வேக்கம் மீட்டர் அதிகபட்சம் காட்டும் இடத்தைத் தேடுங்கள். ஒன்றை மட்டும் தனியே திருகி ஒலியைச் சரிசெய்ய முயன்றால் எட்டுக்கும் எட்டுத் திசை ஆகிவிடும். இரண்டு கார்புரேட்டரின் தட்டுகளும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடுகின்றனவா என்பதையும் லிங்கேஜில் பார்த்துவிட வேண்டும்.

பவர் வால்வு இந்த இன்ஜின்களில் தனிச் சிக்கல். வேக்கம் குறையும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் கொடுப்பது அதன் வேலை. பெட்டியோடு வரும் பவர் வால்வு பெரும்பாலும் 6.5 அங்குலத்தில் திறப்பது. உங்கள் ஐடில் வேக்கம் 6 என்றால் அது ஐடிலிலேயே திறந்து கிடக்கும். பிளக் கரி பிடிக்கும், பைப்பில் கறுப்புப் புகை வரும். ஐடில் வேக்கத்தில் பாதியை எடுத்துக்கொள்வது நடைமுறை: 9 அங்குலம் என்றால் 4.5 வால்வு. இதைவிட ஆபத்தானது மறுபக்கம். கார்புரேட்டர் அடியில் வேக்கம் இருந்துகொண்டே, புளோயருக்குக் கீழே மேனிஃபோல்டில் பூஸ்ட் ஏறிவிடும் ஒரு நிலை உண்டு. பவர் வால்வு பார்ப்பது மேல்பக்க வேக்கத்தை. அது மூடியே இருக்கும், இன்ஜின் லீனாக (பெட்ரோல் குறைந்து) பூஸ்டில் ஓடும், பிஸ்டன் உருகும். அதனால்தான் புளோயர் கார்புரேட்டர்களில் பவர் வால்வுக்குச் செல்லும் சிக்னலை ஒரு குழாய் மூலம் புளோயருக்குக் கீழேயிருந்து எடுக்கிறார்கள். சாதாரண கார்புரேட்டரை அப்படியே புளோயர் மேல் வைத்தவர்கள் இந்த ஒரு மாற்றத்தையாவது செய்தே ஆக வேண்டும்.

ஐடிலில் ஆக்ஸிஜன் சென்சார் காட்டும் எண்ணை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுவது இன்னொரு பொறி. ஓவர்லாப் வழியாகவும் மிஸ் அடித்த சுற்றுகள் வழியாகவும் எரியாத காற்று பைப்புக்கு வருகிறது. குட்டையான திறந்த பைப் என்றால் வெளிக்காற்றே உள்ளே திரும்பி ஏறுகிறது. சென்சார் ஆக்ஸிஜனைத்தான் பார்க்கும், எனவே “லீன்” என்று சொல்லும். உண்மையில் கலவை ரிச்சாக இருக்கலாம். எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் போட்டவர்களுக்கும் இதுவே பொருந்தும்: ஐடிலில் சென்சாரைப் பார்த்துத் தானே திருத்தும் வசதியை அணைத்துவிட்டு, வேக்கம் மீட்டரையும் ஆர்பிஎம்மையும் பார்த்துக் கையால் அமைப்பதே நல்லது.

மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் வைத்த இன்ஜின்களின் ஐடில் தனி இனம். ஹில்போர்ன், எண்டர்லே வகை அமைப்புகளில் பெட்ரோல் அல்லது மெத்தனால் பம்ப் இன்ஜினோடு சேர்ந்தே சுழல்கிறது. வேகம் கூடினால் எரிபொருளும் அதே விகிதத்தில் கூடும். ஐடிலில் எவ்வளவு போக வேண்டும் என்பதைத் திராட்டிலோடு இணைந்த பேரல் வால்வு தீர்மானிக்கிறது. உள்ளே எவ்வளவு காற்று வருகிறது என்று இதற்குத் தெரியவே தெரியாது. மூடிய திராட்டில் வழிக் காற்று வேகத்தோடு அதிகம் மாறாது என்று முன்பே பார்த்தோம். எனவே ஆர்பிஎம் ஏறினால் எரிபொருள் கூடுகிறது, காற்று அப்படியே, கலவை ரிச் ஆகி இன்ஜின் மூச்சு திணறி இறங்குகிறது. இறங்கினால் எரிபொருள் குறைந்து லீனாகி மறுபடி எகிறுகிறது. டிராக் ரேஸ் களத்தில் கேட்கும் அந்த ஊம்-ரம், ஊம்-ரம் அலை முக்கால்வாசி இதுதான். மெத்தனாலுக்குச் சரியான கலவை விகிதமே 6.4:1 என்பதால், பெட்ரோலின் 14.7:1ஐ விட இரு மடங்குக்கு மேல் திரவம் உள்ளே போகிறது. குளிர்ந்த சிலிண்டரில் அது ஆவியாவதும் சிரமம். இதைச் சரிசெய்யக் கலவையைத் தொடும் முன், புளோயர் மேலுள்ள இன்ஜெக்டர் தொப்பியின் எல்லாத் திராட்டில் தட்டும் ஒரே இடைவெளியில் நிற்கின்றனவா என்று ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகட்டால்) அளங்கள். அதன் பிறகே பேரல் வால்வின் கசிவு அளவை, அதற்கென்றுள்ள லீக் செக்கரைக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். வரிசையை மாற்றினால் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

டைமிங்குக்கு வருவோம். புகை கலந்த கலவை மெதுவாக எரிவதால், சீக்கிரமே பற்றவைக்க வேண்டும். சாதுவான இன்ஜினுக்கு, பிஸ்டன் உச்சியை எட்டும் முன் 6 முதல் 10 டிகிரி போதும், இதற்கு 16 முதல் 20 டிகிரி வரை வேண்டும். பலர் பூஸ்டுக்குப் பயந்து மொத்த டைமிங்கைக் குறைக்கிறேன் என்று, ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையே திருப்பிவிடுகிறார்கள். மொத்தம் 30 ஆகிவிடும், ஆனால் ஐடிலில் 8தான் மிஞ்சும். இன்ஜின் குலுங்கும், ஹெடர் (எக்ஸாஸ்ட்) பைப் சிவக்கும், சூடு ஏறும். சரியான வழி: ஆரம்ப டைமிங் 18, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மெக்கானிக்கல் அட்வான்ஸை (வேகம் கூடக் கூட ஸ்பார்க்கை முன்தள்ளும் அமைப்பு) பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் கட்டுப்படுத்தி, மொத்தத்தை 28 முதல் 30க்குள் நிறுத்துவது. குலுங்கும் ஐடிலுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. கேமைக் கழற்ற வேண்டும் என்று முடிவெடுக்கும் முன் இதைச் செய்துபார்க்க வேண்டும்.

பிளக்கிலும் ஒரு விட்டுக்கொடுத்தல் இருக்கிறது. பூஸ்டில் ஸ்பார்க் அணையாமலிருக்க இடைவெளியை 0.028 முதல் 0.032 அங்குலம் வரை குறுக்குகிறோம். சூடு தாங்க ஒன்றிரண்டு படி குளிர்ந்த பிளக் போடுகிறோம். இரண்டுமே ஐடிலுக்கு எதிரி. சின்ன ஸ்பார்க் புகை கலந்த கலவையைப் பற்றவைக்கத் திணறும், குளிர்ந்த பிளக் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளாது. நீண்ட நேரம் ஐடிலில் நிறுத்தினால் பிளக் ஒவ்வொன்றாகச் சாகும். ஹாட் ராட்காரர் அடிக்கடி ஆக்சிலரேட்டரைத் தட்டுவதில் பெருமையும் உண்டு, பிளக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் தேவையும் உண்டு.

சத்தத்தின் காரணங்கள் சுருக்கமானவை. நீண்ட டியூரேஷன் கேம் எக்ஸாஸ்ட் வால்வைச் சீக்கிரம் திறக்கிறது. மெதுவாக எரியும் கலவையோ அப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. எரிதலின் கடைசிப் பகுதி பைப்புக்குள் நடக்கிறது. அதைத் தணிக்கச் சைலன்சரில் தடுப்பு இருக்காது, நேர்க்குழாய்தான். சிலிண்டருக்கு ஒன்றாக மேல்நோக்கி வளைந்த குட்டைப் பைப்புகளில் அதுவும் இல்லை, எட்டு வெடிப்பும் கலக்காமல் தனித்தனியே காதை அறையும். மேலே புளோயரும் தன் பங்கைச் சேர்க்கிறது. ரூட்ஸ் புளோயர் காற்றை உள்ளே அழுத்துவதில்லை, சும்மா எடுத்துச் சென்று வெளிவாயில் கொட்டுகிறது. பூஸ்ட் இருக்கும்போது வாய் திறந்ததும் கீழேயுள்ள அழுத்தம் பின்னோக்கிப் பாய்ந்து மோதும், அந்த மோதல்தான் ஊளை. மூன்று லோப் கொண்ட இரண்டு ரோட்டர் என்றால் சுற்றுக்கு ஆறு துடிப்பு: புளோயர் 1,000 ஆர்பிஎம்மில் சுழன்றால் நொடிக்கு 100, 6,000இல் 600. ஐடிலில் ஊளை அடங்கியிருக்கும், ஆனால் கியர் கலகலக்கும். கிராங்க் ஒவ்வொரு வெடிப்புக்கும் வேகம் மாறுகிறது, கனமான ரோட்டர்களோ சீராகச் சுழலப் பார்க்கின்றன, நடுவே உள்ள கியர்ப் பற்கள் இரு பக்கமும் மோதுகின்றன. ஆர்பிஎம்மை 1,500க்கு ஏற்றினால் இந்தக் கலகலப்பு மறைய வேண்டும். மறையாவிட்டால் பேரிங்கையோ கியர் இடைவெளியையோ பார்க்க வேண்டும். பெல்ட்டை இறுக்கி இதை அடக்க நினைக்காதீர்கள். சூடாகும்போது அலுமினியம் விரிந்து பெல்ட் தானே இறுகும். குளிர்ந்த நிலையில் நீளப் பக்கத்தில் அரை அங்குலமாவது தளர்வு வேண்டும், இல்லாவிட்டால் கிராங்க்கின் முன் பேரிங்கும் புளோயர் மூக்கும் தேயும்.

எது இயல்பு, எது கோளாறு என்று பிரிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வேக்கம் மீட்டர் முள் ஒரு சிறு எல்லைக்குள் வேகமாக நடுங்கினால் அது கேம். நிதானமாக ஏறி இறங்கினால் கலவை. சீரான இடைவெளியில் ஒரே மாதிரி டக்கென்று விழுந்தால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில் பிரச்சினை: எரிந்த வால்வு, செத்த பிளக், அறுந்த வயர். எது என்று அறிய, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் எட்டு ஹெடர் குழாயின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளங்கள். மற்றவற்றைவிட வெகுவாகக் குளிர்ந்து நிற்பது எதுவோ அதுதான். நேற்றுவரை நன்றாக இருந்த ஐடில் இன்று திடீரென ஆடினால், புளோயருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஐடிலில் காற்று அங்கே உள்ளே கசியும், பூஸ்டில் அதே இடத்தில் பெட்ரோல் கலந்த காற்று வெளியே கசியும். சூடான ஹெடருக்கு மேலே அது விளையாட்டல்ல. கசிவைத் தேடவும் ஹெடர் பக்கத்தில் பெட்ரோலோ ஸ்ப்ரேயோ அடிக்கக்கூடாது. இன்ஜினை அணைத்து ஆறவைத்து, இன்டேக்கை மூடி, குறைந்த அழுத்தக் காற்று ஏற்றி, சோப்பு நீர் தடவிப் பார்ப்பதே பாதுகாப்பு.

கார்புரேட்டர் வழியே மேல்நோக்கித் தும்முகிற ஐடிலை மட்டும் ஒருபோதும் பொறுத்துக்கொள்ளக்கூடாது. சாதாரண இன்ஜினில் தும்மல் என்றால் கொஞ்சம் சத்தம், அவ்வளவுதான். இங்கே ரோட்டர்களுக்குக் கீழே பல லிட்டர் எரியத் தயாரான கலவை அடைபட்டிருக்கிறது. லீனான கலவை, சரியாக மூடாத இன்டேக் வால்வு, இரண்டு பிளக் வயர் இடம் மாறியது, இவற்றில் எது காரணமானாலும் தீ மேனிஃபோல்டுக்குள் ஏறினால் புளோயரையே இடத்திலிருந்து தூக்கிவிடும். அதற்காகத்தான் மேனிஃபோல்டில் ஸ்பிரிங் வைத்த பாப்-ஆஃப் வால்வு பொருத்துகிறார்கள். அதன் வட்டு கரியில் ஒட்டிக்கொள்ளாமல் எளிதாகத் திறக்கிறதா என்று, இன்ஜின் அணைந்திருக்கும்போது ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். தும்மல் கேட்டால் அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும் முன் முதலில் ஃபயரிங் வரிசைப்படி வயர்களையும், பிறகு வால்வு இடைவெளியையும், அதன் பிறகே கார்புரேட்டரையும் பாருங்கள். செவ்ரோலேயில் 5உம் 7உம் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், வரிசையிலும் அடுத்தடுத்து எரிபவை. அவற்றின் வயர்கள் ஒட்டி ஓடினால் 5க்கான ஸ்பார்க் 7க்கும் தாவும், அந்த இரண்டையும் குறைந்தது ஓர் அங்குலம் பிரித்துக் கட்டுங்கள்.